ஐ.பி. கொடுத்தால் கடன் போய்விடுமா?

கடன் முற்றியதும் யாராவது ஒருவர், "பேசாம ஐ.பி. கொடுத்துடுப்பா" என்று யோசனை சொல்வார். கடனைக் கட்ட முடியவில்லை, என்னைத் திவாலானவர் என்று அறிவியுங்கள் எனக் கேட்டு கோர்ட்டில் போடும் மனுதான் (insolvency petition) ஐ.பி. மஞ்சள் நோட்டீஸ் என்பதும் இதுதான். 2016-ல் வந்த திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே அமலாகியிருக்கிறது. மற்றவர்களுக்கு இன்னமும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள்தான்: சென்னை நகருக்கு 1909-ம் ஆண்டுச் சட்டம், வெளி மாவட்டங்களுக்கு 1920-ம் ஆண்டுச் சட்டம்.

மனு போடுவதற்கு முன்பே பலர் சறுக்கிவிடுகிறார்கள். வீட்டை மனைவி பெயருக்கும் நிலத்தை மச்சான் பெயருக்கும் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் கோர்ட்டுக்குப் போகிறார்கள். இப்படி உண்மையான கிரயம் இல்லாமல் எழுதிக் கொடுத்த 2 ஆண்டுகளுக்குள் ஐ.பி. மனு தாக்கலாகி, எழுதிக் கொடுத்தவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை கோர்ட் ரத்து செய்துவிடும். சொத்தை மறைத்தது தனிக் குற்றமாகவும் வந்து நிற்கலாம்.

சரி, நேர்மையாகவே மனு போட்டு திவால் உத்தரவும் வாங்கியாகிவிட்டது. அத்தோடு தலைமுழுகிவிடக் கூடாது. கோர்ட் குறிக்கும் கெடுவுக்குள் கடனிலிருந்து விடுவிக்கக் கேட்டு இன்னொரு மனு போட வேண்டும். போடாவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகும். அடமானத்தில் இருக்கும் வீட்டையும் நகையையும் ஐ.பி. காப்பாற்றாது. இத்தனையும் தெரிந்த பிறகு, பெரும்பாலானவர்களுக்குக் கடன் கொடுத்தவரோடு பேசி முடிப்பதுதான் மலிவு என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

புரோநோட்டுக் கடனுக்கு 3 ஆண்டு காலவரம்பு உண்டு. அது முடியப்போகும் நேரத்தில் ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டால் அந்தத் தேதியிலிருந்து இன்னொரு 3 ஆண்டு. கொடுக்கிற எண்ணம் இருந்தால் போடுங்கள். விஷயம் தெரியாமல் போடாதீர்கள். நிரப்பாத செக்கை நம்பிக்கைக்காகக் கொடுப்பது இதைவிட மோசம். கடன் கட்டாதது மட்டுமே ஜெயிலுக்கு அனுப்பாது. கடனுக்குக் கொடுத்த செக் திரும்பினால் 2 ஆண்டு வரை தண்டனைக்கு இடமிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அந்தக் குற்றவழக்கு எழாது. ஆனால் நம்மில் பாதிப்பேர் தபால்காரரிடம் "ஆள் இல்லைன்னு எழுதிடுங்க" என்பவர்கள். பணத்தை வசூலிக்கப் போடும் சிவில் வழக்கின் சம்மனையும் அப்படியே தட்டிக் கழித்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

வங்கிக் கடனை 'செட்டில்' செய்வதில், அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடித்துக்கொள்வதில், ஒரு சிக்கல் உண்டு. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது 'முழுதாகக் கட்டினார்' என்று வராது. 'செட்டில்டு' என்றே பல வருடம் நிற்கும். வேறு வழியில்லை என்றால் செய்யலாம், ஆனால் தொகையும் கெடுவும் போட்ட வங்கிக் கடிதம் வரும்வரை ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். போனில் பேரம் பேசிய ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு எப்போதுமே அனுப்பாதீர்கள்.

வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.