எலுமிச்சம்பழத்துக்கு அனுமதி இல்லை

நாகர்கோவிலில் இருந்து டிராக் ரேஸ் (drag race) என்ற நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்குக் கிளம்புகிறவர்கள் மாதக்கணக்கில் எஞ்சினோடுதான் மல்லுக்கட்டுவார்கள். கால் மைல், அதாவது 402 மீட்டர், எத்தனை விநாடியில் ஓடும் என்பது ஒன்றே கவலை. ஆனால் அந்த 402 மீட்டருக்கு முன்னால் ஸ்க்ரூட்டினி என்றொரு வாசல் இருக்கிறது. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் ஓட முடியும். நமக்குப் ‘பக்கத்து’ டிராக் (பந்தயத் தடம்) கோவை செட்டிப்பாளையம். 400 கிலோமீட்டருக்கு மேல். இல்லையென்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. அங்கே போய் நின்றுகொண்டு, மறந்த சாமானை எடுக்க வீட்டுக்கு ஓட முடியாது.

முதல் தடவை எங்களை நிறுத்தியது ஒரு எலுமிச்சம்பழம். வடசேரிச் சந்தையில் வாங்கி, பச்சை மிளகாயோடு கோத்து, நண்பன் பைக்கின் முன்னால் தொங்கவிட்டிருந்தான்.

“கழட்டுங்க தம்பி” என்றார் சோதனைக்காரர்.

“அண்ணா, இது சாமி காரியம்லா.”

“சாமி இங்கயே இருக்கட்டும், பழம் டிராக்குக்கு வரக் கூடாது.”

கழன்று விழக்கூடிய எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். கண்ணாடி, சைடு ஸ்டாண்ட், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வதும், ஹெட்லைட்டில் டேப் ஒட்டச் சொல்வதும் இதனால்தான். காரில் போனால் சீட்டுக்கு அடியையும் தடவிப் பாருங்கள். உருண்டு வரும் தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் கதை முடிந்தது. பேட்டரியைக் கயிற்றால் கட்டியிருந்தால் அதையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதிகம் பேர் மாட்டுவது லாக் ஒயரில். ஆயில் டிரெய்ன் போல்ட், ஆயில் ஃபில்டர், ஆயில் ஊற்றும் மூடி மூன்றும் அதிர்வில் கழன்றுவிடாதபடி கம்பியால் கட்டச் சொல்வார்கள். எண்ணெய் கொட்டினால் பின்னால் வருகிறவன் வழுக்குவான். குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன், ரப்பர் மரத்தில் பால் சிரட்டையைக் கட்டும் கம்பியையே சுற்றிக் கொண்டுவந்தான். சோதனைக்காரர் இரண்டு விரலால் இழுத்தார். கம்பி வளைந்து கொடுத்தது. அவருக்கும் சிரிப்பு, எங்களுக்கும் சிரிப்பு, அவனுக்கு மட்டும் அழுகை. சரி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வாங்கிக் கட்டினால் போதுமா? போதாது. திசை முக்கியம். போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். நான் முதலில் கட்டியது நேர் எதிர்ப் பக்கம்; போல்ட்டைக் கழற்றிவிட நானே உதவி செய்தது மாதிரி! அப்புறம், போல்ட் தலையில் ஓட்டை போடும் வேலையை ஊரிலேயே லேத் பட்டறையில் முடித்துவிடுங்கள். டிராக்கில் கை டிரில்லை வைத்துக்கொண்டு டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் இன்னொரு வேடிக்கை. ரேஸுக்கென்றே புதுசாக விலை கூடின கூலன்ட் ஊற்றிப் போனோம். ஆனால் பல போட்டிகளில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் இருக்கலாம். தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும், கிளைகால் (glycol) என்ற ரசாயனம் கலந்த கூலன்ட் வழுவழுவென்று கிடக்கும். ஒரு சொட்டை விரலில் உரசிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் அந்த மனிதர். மூன்று தடவை அலசி ஊற்றினோம். ஊருக்குத் திரும்பியதும் மறக்காமல் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும்.

கிளட்ச், பிரேக் லீவர் நுனியில் இருக்கும் உருண்டையை ஸ்டைலுக்காக அறுத்துவிடாதீர்கள். விழும்போது உடம்பில் குத்தாமல் இருக்கத்தான் அந்த உருண்டை. ஹெல்மெட் ஒரு தடவை பலமாக அடிபட்டிருந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும். அது மறுபடி பழைய நிலைக்கு வராது. லெதர் சூட்டை இரவல் வாங்குவது தப்பில்லை, அளவு பார்த்து வாங்குங்கள். எங்களில் ஒல்லியான ஒருவன் பெரிய ஆளின் சூட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது, “உள்ளே இன்னும் ஒருத்தர் இருக்காரா?” என்று கேட்டார்கள். முட்டிக் கவசம் கணுக்கால் பக்கம் இறங்கிக் கிடந்தால் விழும்போது முட்டியை யார் காப்பது?

கில் சுவிட்ச் கயிறு பற்றி ஒரு வார்த்தை. ஒரு முனை வண்டியில், மறு முனை ஓட்டுகிறவன் கையில். அவன் தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் தானாக நிற்கும். சோதனையில் இழுத்துக் காட்டச் சொல்வார்கள், காட்டிவிட்டுத் திரும்ப மாட்ட மறக்கக் கூடாது. நண்பன் மறந்தான். ஸ்டார்ட் லைனுக்குப் போகும் வழியில் செல்ஃபை அமுக்குகிறான், அமுக்குகிறான், வண்டி எழும்பவே இல்லை. பிளக் போச்சு, ஃபியூஸ் போச்சு என்று நாங்கள் மூன்று பேர் டேங்கைக் கழற்றப் போய்விட்டோம். பக்கத்தில் நின்ற தூத்துக்குடிக்காரர்தான் சொன்னார், “தம்பி, கையில என்ன தொங்குது?”