கோணமானியில் 60-ஆ, 120-ஆ?

அளக்கும் முன்பே கேளுங்கள்: இந்தக் கோணம் செங்கோணத்தைவிடச் சிறியதா, பெரியதா? காகித மூலையை வைத்துப் பார்த்து மாணவர் சொல்லட்டும். எண்கள் இரண்டு வரிசையாக இருப்பதால் 60°-ஐ 120° என்று படிப்பதுதான் வழக்கமான பிழை. இந்த ஒரு கேள்வி அதைத் தடுத்துவிடும்.

மையப்புள்ளி கோணத்தின் முனைமேல், 0° கோடு ஒரு கதிரின்மேல். பலர் பிளாஸ்டிக்கின் அடிவிளிம்பைக் கதிரோடு ஒட்டி வைப்பார்கள். பல கோணமானிகளில் 0° கோடு விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும், விடை பிசகிவிடும். கதிரில் விழும் 0 எந்த வரிசையோ, அதிலேயே 10, 20 என விரலால் எண்ணிப் போகவேண்டும். கதிர் குட்டையா? அளவுகோலால் நீட்டலாம், கோணம் மாறாது (நம்பாத பிள்ளைகளை இருமுறை அளக்கச் சொல்லுங்கள்).

135° வரைய: 7 செ.மீ. கோடு, அதன் ஒரு முனையில் மையம், 135-க்கு நேரே கூரான பென்சிலால் புள்ளி. கோணமானியை எடுத்துவிட்டு அளவுகோலால் இணைக்கவும்.