புராண உருவச் சித்திரத்தைப் படிப்பது எப்படி? பிக்காசோவின் குருட்டு மினோட்டாரை வைத்து ஒரு பயிற்சி

புராண உருவம் உள்ள நவீனச் சித்திரத்தைப் பார்த்ததும் கதையைத் தேடாதீர்கள். கதை தெரிந்துவிட்டால் கண் பாதியிலேயே நின்றுவிடும்.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது, இரவில் ஒரு சிறுமி குருட்டு மினோட்டாரை (காளைத் தலையும் மனித உடலும் கொண்ட கிரேக்கப் புராண மிருகம்) அழைத்துச் செல்லும் பிக்காசோவின் அச்சோவியம், அதாவது உலோகத் தகட்டில் உருவாக்கி மையிட்டுத் தாளில் அச்செடுத்த படம். 1930 முதல் 1937 வரை அவர் செய்த 100 அச்சோவியங்கள் அடங்கிய, கலை வணிகர் வொல்லாரின் பெயரால் வழங்கும் வொல்லார் தொகுப்பில் இது இருக்கிறது. பெரிய திரையில் பாருங்கள், கைபேசி போதாது.

படி 1: உடல்களைப் பாருங்கள். காளைத் தலை வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்கிறது. கையில் கோல். முன்னால் புறாவை அணைத்தபடி சிறுமி. பலசாலி தடுமாற, சின்னவள் நிதானமாக நடக்கிறாள்.

படி 2: வெள்ளை எங்கிருந்து வந்தது? இங்கே அவசரப்படவே கூடாது. வெறும் தாளில் கோடு போட்டால் வெள்ளை முதலிலேயே இருக்கும், கருப்பைத்தான் சேர்ப்போம். இதில் தலைகீழ். அக்வாடின்ட் முறையில் செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கினால் அது மையைப் பிடித்துக்கொண்டு கருப்பாக அச்சாகும். சுரண்டித் தேய்த்த இடத்தில் மை நிற்காது, அங்கே வெளிச்சம். நட்சத்திரங்களும் சிறுமியின் முகமும் இருட்டிலிருந்து மீட்கப்பட்டவை. படத்தின் பரிதவிப்புக்கு முகபாவத்தைவிட இதுதான் காரணம் என்பேன்.

நம்பிக்கை வரவில்லையா? படத்தை அச்செடுத்து, மேலே டிரேசிங் தாளை வைத்து, 2பி பென்சிலால் கருப்புப் பகுதிகளை மட்டும் நிரப்புங்கள். கணினி ஃபில்டர்கள் வேண்டாம். கை செய்யும்போதுதான் புரியும்.

படி 3: இதே தொகுப்பில் இந்தக் காட்சி வெறும் கோடுகளாலும் வந்திருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆட்கள்தான், ஆனால் இந்த இருளின் கனம் அங்கே இல்லை.

படி 4: சரி, இப்போது கதை. கிரேக்கப் புராணத்தில் மினோட்டாருக்குக் கண் போகவில்லை. தீசியஸ் என்ற வீரன் அதைக் கொன்றுவிடுகிறான். பெண்பிள்ளை கைபிடித்து அழைத்துப் போகும் குருடன், வேறொரு கிரேக்கக் கதையில் வரும் ஈடிபஸ்; தன் குற்றத்துக்குத் தண்டனையாகத் தன் கண்களைத் தானே குத்திக்கொண்டவன். அந்தப் பெண்பிள்ளை அவனுடைய மகள் ஆன்டிகனி. ஒருவனின் தண்டனை இன்னொருவனின் உடம்பில் ஏறியிருக்கிறது. கொடிய மிருகத்தின் மேல் நமக்கு இரக்கம் வருவது அதனால்தான்.

பின்சேர்க்கை: கரிக்கோல் சித்திரத்தில் தொடாமல் விட்ட வெள்ளையையும் அழித்து எடுத்த வெள்ளையையும் எப்படிப் பிரித்தறிவது என்று சிலர் கேட்டார்கள். வெள்ளைப் பகுதியின் ஓரத்தைப் பாருங்கள். தொடாமல் விட்ட தாளின் வெள்ளை பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். அழிப்பானால் எடுத்த வெள்ளையில் லேசான சாம்பல் படலம் தங்கியிருக்கும்.