ஜப்தி வீட்டைக் காலிசெய்யும் தொழிலில் கையைச் சுடும் தவறுகள்

புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தபால்பெட்டி நிரம்பி வழிந்தது. வங்கி தரப்பிலிருந்து வந்த வேலை உத்தரவான ஒர்க் ஆர்டரில் 'ஆளில்லாத வீடு, பூட்டை மாற்றவும்' என்று இருந்தது. என்னோடு வந்த தம்பி டிரில்லிங் மெஷினோடு படியேறிவிட்டார். நான் வழக்கம்போல வீட்டைச் சுற்றி வந்து மின்சார மீட்டரைப் பார்த்தேன். உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலோரம் கிழமை வாரியாகப் பிரித்த மாத்திரை டப்பா ஒன்று. திங்கள், செவ்வாய், புதன் மூடிகள் திறந்திருந்தன. அன்று புதன்கிழமை.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டோம். அந்த வீட்டுப் பெரியவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறாராம். புல் வெட்ட அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மீட்டரையும் ஜன்னலையும் படம் எடுத்து, 'ஆள் இருக்கிறார்' என்று எழுதி அனுப்பிவிட்டுத் திரும்பினோம். போய்வந்த கூலி மட்டும் கிடைத்தது.

அமெரிக்காவில் கடன் கட்டத் தவறிய வீடுகளைப் பூட்டிப் பாதுகாப்பதும் காலிசெய்து துப்புரவாக்குவதும் ஒரு தனித் தொழில். 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் பெரிதாக வளர்ந்தது. நம் ஆட்கள் சிலர் இதில் இறங்க யோசித்து என்னிடம் கேட்கிறார்கள். ஒரு டிரக், ஒரு டிரெய்லர், இரண்டு ஆள் போதுமே என்பதுதான் அவர்கள் கணக்கு. குப்பை அள்ளுவது இந்தத் தொழிலில் சுலபமான பாதி. வீடு உண்மையில் காலியா, நாம் செய்ததற்கு என்ன சாட்சி என்ற இரண்டு கேள்விகளில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

முதல் கேள்வியில் விழுந்தால் எழுவது கஷ்டம். ஒர்க் ஆர்டரில் காலி என்று போட்டிருப்பதை அப்படியே நம்புவதுதான் பெரிய தவறு. இந்தத் தொழிலின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான சேஃப்கார்டு ப்ராப்பர்டீஸ் மீது இல்லினாய் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் 2013-இல் வழக்குத் தொடுத்தார். ஆட்கள் வாழும் வீடுகளைக் காலி என்று முடிவுகட்டி, பூட்டை மாற்றினார்கள், பொருட்களை அகற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2015-இல் அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், இரண்டு ஆள் வைத்து நடத்தும் சப்-கான்ட்ராக்டர் எம்மாத்திரம்?

அதனால் கதவைத் தட்டுங்கள், காத்திருங்கள், மறுபடி தட்டுங்கள். மீட்டர், குப்பைத்தொட்டி, பின்கட்டு, நாய்க்குத் தண்ணீர் வைத்த கிண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டு அக்கம்பக்கத்தாரிடம் பேசுங்கள். சந்தேகம் இருந்தால் பூட்டைத் தொடாதீர்கள். கதவு எண்ணையும் தெருப்பெயரையும் படம் எடுத்து ஆர்டரோடு ஒப்பிடுங்கள். தவறான வீட்டைக் காலிசெய்த குழுக்களும் உண்டு.

குடியிருப்பவர் வாடகைதாரர் என்றால் கதை வேறு. வீடு ஏலம் போனாலும் முறையான வாடகைதாரருக்குக் குறைந்தது 90 நாள் நோட்டீஸ் தரவேண்டும் என்று 2009-இல் மத்திய சட்டம் வந்தது. இடையில் காலாவதியாகி, 2018-இல் நிரந்தரமாகத் திரும்பியது. அவரை வெளியேறச் சொல்வதும், சொல்லாமலே பயமுறுத்துவதும் நம் வேலையே இல்லை.

ஏலத்துக்கு முந்தைய கட்டம் இன்னும் நுணுக்கமானது. அதுவரை வீடு கடன் வாங்கியவருடையதுதான். அதனால்தான் பின்கதவுப் பூட்டை மட்டும் மாற்றிவிட்டு, முன்கதவு அவர் சாவிக்கே திறக்கும்படி விடுவது வழக்கம். புதிதாக வருபவர்கள் எல்லாக் கதவையும் மாற்றிவிட்டு நல்ல வேலை செய்ததாக நினைக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இதுகூடக் கூடாது. கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஏலத்துக்கு முன் உள்ளே புகுந்து பூட்டை மாற்றுவது மாநிலச் சட்டத்துக்கு விரோதம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஒரு மாநிலத்துப் பழக்கத்தை எல்லை தாண்டி எடுத்துப் போகாதீர்கள்.

அடுத்தது சாட்சி. நாம் செய்த வேலையை அலுவலகத்தில் இருப்பவர் பார்ப்பது படத்தில்தான். படம் இல்லையென்றால் காசு இல்லை. கொடுத்த காசையும் பல மாதம் கழித்துப் பிடித்துக்கொள்வார்கள். செய்வதற்கு முன், செய்யும்போது, செய்த பின் என்று ஒரே இடத்தில் நின்று மூன்று படம் வேண்டும். குப்பைக்குக் கன கஜக் கணக்கில் கூலி என்பதால் சண்டை வருவதும் அங்கேதான். 12 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரமுள்ள டிரெய்லர் 216 கன அடி பிடிக்கும். ஒரு கன கஜம் என்பது 27 கன அடி, எனவே 27-ஆல் வகுத்தால் 8 கன கஜம். கண்ணளவில் '12 இருக்கும்' என்று எழுதினால், படத்தைப் பார்ப்பவர் வெட்டிவிடுவார். காலி டிரெய்லரில் அளவு நாடாவை வைத்து ஒரு படம், நிரம்பியதும் ஒன்று, கொட்டிய இடத்து ரசீது ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் வாதாடலாம். டயர், பெயின்ட் டப்பா, பழைய டிவி போன்றவற்றைக் குப்பைக்கிடங்கில் சும்மா வாங்க மாட்டார்கள். முதல் நாளே எண்ணி, தனியாக விலை கேளுங்கள்.

எல்லாவற்றையும் குப்பை என்று நினைப்பதும் தவறு. ஆல்பம், பட்டப்படிப்புச் சான்றிதழ், அஸ்திக் கலசம்கூட எங்களுக்கு அகப்பட்டிருக்கிறது. ஏலத்துக்கு முன் இவை ஒன்றும் நம்முடையதல்ல. ஏலம் முடிந்த பிறகும் எத்தனை நாள் வைத்திருக்கவேண்டும் என்று மாநில விதி இருக்கலாம். கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, அப்புறம் தொடுங்கள். துப்பாக்கி கண்ணில் பட்டால் கை வைக்காமல் போலீஸைக் கூப்பிடுங்கள். மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஃபிரிட்ஜைத் திறக்கவே கூடாது. கதவை டேப்பால் சுற்றிக் கட்டி, உள்ளிருக்கும் குளிர்வாயுவை முறையாக வெளியேற்றும் இடத்தில் கொடுங்கள். காற்றில் விடுவது மத்தியச் சட்டப்படி குற்றம்.

குளிர்காலத்தில் ஒஹாயோ போன்ற இடங்களில் ஒரு குழாய் மறந்தால் வீடே போச்சு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். செம்புக் குழாய் அதைத் தாங்காது. மெயின் வால்வை மூடிவிட்டு இரண்டு குழாயைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. வெந்நீர்த் தொட்டியைக் காலிசெய்யவேண்டும், கம்ப்ரசர் வைத்துக் குழாய்களை ஊதவேண்டும். காற்றை அடைத்து அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பார்கள், 35 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அழுத்தத்தில் அரைமணி நேரம் நிற்கவேண்டும் என்று கேட்பது பொதுவான வழக்கம். பிறகு சிங்க், டாய்லெட் வளைவுகளில் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஊற்றவேண்டும். காருக்கு ஊற்றும் பச்சைத் திரவம் விஷம், அதை ஊற்றாதீர்கள். நிலவறையில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் இருந்தால் அதன் மின்சாரத்தை மட்டும் நிறுத்தக்கூடாது. நாங்கள் ஒருமுறை எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு வந்தோம். மார்ச்சில் போனபோது கடைசிப் படி வரை தண்ணீர் நின்றது. அந்தச் செலவு எங்கள் தலையில்.

ஜன்னலில் பிளைவுட் அடிப்பதும் இப்போது எல்லா இடத்திலும் நடக்காது. ஒஹாயோவில் ஜப்திக்கு உள்ளான காலி வீடுகளில் அதைத் தடுக்கும் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் கண்ணாடிபோல் தெரியும் பாலிகார்பனேட் பலகையை ஏற்றுக்கொண்டது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பிளைவுட் அடித்த வீடு தெருவுக்கே 'இங்கே யாரும் இல்லை' என்று அறிவிக்கிறது. 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும், உடைக்கும் வேலைக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதீர்கள். அப்புறம் கைக்காசு. குப்பைக்கிடங்கில் இன்றே கட்டவேண்டும், ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும், நமக்கு வருவதோ 45 நாள், 60 நாள் கழித்து. வங்கிக்கும் நமக்கும் நடுவே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், ஒவ்வொருவரும் ஒரு பங்கு எடுப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள், எத்தனை மாதம் கழித்தும் பணத்தைத் திரும்பப் பிடிக்கலாம் என்ற இரண்டு வரியையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் டிரெய்லர் வாங்காதீர்கள்.