செபாராவ் மீனுக்கு ஃப்ளை தூண்டில்: கோலாலம்பூரிலிருந்து ஒரு விடியற்காலை

கோலாலம்பூரில் தூண்டில் பழகிய பலருக்கும் முதல் பள்ளிக்கூடம் கட்டணக் குளம்தான். குளத்தில் மீன் இருப்பது உறுதி. அது எப்போது கடிக்கும் என்பது மட்டுமே கேள்வி. ஆற்றில் அப்படியில்லை. ஃப்ளை தூண்டிலுக்கு மாற விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த ராட், எந்த ரீல், எந்த ஃப்ளை என்பதைத்தான். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் நான் வெறுங்கையோடு திரும்பிய காலைகளை எண்ணிப் பார்த்தால், ராட் காரணமாக இருந்த நாள் ஒன்றுகூட இல்லை. கலங்கிய நீரில், மீன் நிற்காத இடத்தில், அழகாக வீசிக்கொண்டிருந்த நாள்களே அத்தனையும்.

செபாராவ் கெண்டைக் குடும்பத்தில் பிறந்து வேட்டை மீனாக வாழ்வது. ஹம்பாலா மேக்ரோலெபிடோட்டா என்பது அதன் அறிவியல் பெயர். முதுகுத் துடுப்பிலிருந்து வயிற்றுப் பக்கம் இறங்கும் கறுப்புப் பட்டையையும், மேலும் கீழும் கறுத்த விளிம்பு கட்டிய சிவந்த வாலையும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம். வளர வளர அந்தப் பட்டை மங்கிவிடும். 70 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது என்றாலும், மலையடிவாரத்து ஆறுகளில் நம் கைக்கு வருபவை பெரும்பாலும் முழங்கை நீளத்தைத் தாண்டுவதில்லை. சிறு மீன், இறால், நீரில் விழும் பூச்சி ஆகியவை அதன் இரை. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. ஆகவே கூரிய பற்கள் கொண்ட விரால் இனமான தோமான் பிடிப்பதற்குக் கட்டுவதைப் போல இதற்குக் கம்பி கட்ட வேண்டியதில்லை.

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் அல்லது இரையின் எடை லைனை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃப்ளை தூண்டிலில் அது தலைகீழ். ஃப்ளை என்பது இறகும் மயிரும் நூலும் சுற்றிக் கட்டிய போலி இரை. அதற்கு எடை இல்லை என்றே சொல்லலாம். எடை முழுவதும் தடித்த லைனில் இருக்கிறது. வீசப்படுவதும் அந்த லைன்தான், ஃப்ளை அதன் பின்னால் போகும் பயணி. ராட்டின் எண்ணும் லைனின் எண்ணும் பொருந்த வேண்டும் என்பது இதனால்தான். 6ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 10 கிராம் எடை இருக்கும். 6ஆம் எண் ராட் அந்த எடையில் சரியாக வளையும்படி செய்யப்பட்டது. செபாராவுக்கு 9 அடி நீளமுள்ள 6ஆம் எண் ராட் போதும். ரீலுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். இந்த மீனுக்கு அது லைன் சுற்றி வைக்கும் பெட்டியைவிடச் சற்று மேல், அவ்வளவுதான்.

லைனில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மிதக்கும் லைனாகவும், வெப்பநாட்டுக்கென்று செய்யப்பட்டதாகவும் இருக்கட்டும். குளிர்நாட்டு லைனின் பூச்சு நம் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். ராட்டின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு ஓடாது. நான் முதலில் வாங்கிய லைன் அந்த வகை. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னார், 300 வெள்ளி கொடுத்தேன், காலை பத்து மணிக்கே அது வெந்த சேமியாவைப் போலத் தொங்கியது. லைனின் நுனியில் அதையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழையான லீடர் ஏழரை அடி, அதன் முனையில் 12 அல்லது 15 பவுண்டு தாங்கும் நரம்பு. ஆற்றில் பாறை அதிகம் என்பதால் அதைவிட மெல்லிய நரம்பைக் கட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஃப்ளை வகைகளில் இரண்டு போதும். ஒன்று கிளவுசர் மின்னோ. 1980களில் பாப் கிளவுசர் என்ற அமெரிக்கர் ஆற்றுப் பாஸ் மீன்களுக்காக உருவாக்கியது. அதன் முள்ளின் மேற்பக்கத்தில் கட்டிய உலோகக் கண்கள் முள்ளை மேல்நோக்கிப் புரட்டிவிடுவதால் பாறையிலும் மரக்கிளையிலும் மாட்டுவது குறையும். இழுத்தால் எழும்பி, விட்டால் தலைகுப்புற இறங்கும். வெள்ளையும் இளம்பச்சையும் கலந்து 4ஆம் எண் முள்ளில் கட்டியதை நான் அதிகம் பயன்படுத்துகிறேன். மற்றொன்று கறுப்பு அல்லது பழுப்பு நிற வூலி பகர். இவற்றைத் தாண்டி பெட்டி பெட்டியாகச் சேர்ப்பது கண்ணுக்கு இன்பம், மீனுக்கு அல்ல. எந்த ஃப்ளையாக இருந்தாலும் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீனை விடுவதற்கு எளிது; உங்கள் காதில் மாட்டினாலும் கழற்றுவதற்கு எளிது.

வீசப் பழகுவதற்கு வீட்டருகே உள்ள திடலே போதுமானது. ஃப்ளைக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, பின்னால் போன லைன் முழுவதும் நீளும் வரை காத்திருந்து முன்னால் தள்ளுங்கள். பழகாதவர்கள் செய்யும் பிழை பலம் போதாதது அல்ல, காத்திருக்காததுதான். ஆனால் திடலில் கற்றது காட்டாற்றில் பாதிக்குத்தான் உதவும். அங்கே உங்கள் முதுகுக்குப் பின்னால் மூங்கில் புதர் இருக்கும், தலைக்கு மேல் கிளை இருக்கும், பின்னால் வீச இடமே இருக்காது. அங்கே வேண்டியது ரோல் காஸ்ட். நீரில் கிடக்கும் லைனை, ராட்டின் நுனியை மெதுவாக உயர்த்தித் தோளுக்குச் சற்றுப் பின்னால் கொண்டுவந்து ஒரு கணம் நிறுத்துங்கள். ராட்டுக்குப் பின்னால் லைன் ஒரு வயிற்றைப் போலத் தொங்கும். அதன் நுனி இன்னும் நீரைப் பற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பிடிதான் இந்த வீச்சின் உயிர். பிறகு மெதுவாகத் தொடங்கி வேகமாக முடித்து, கண் மட்டத்தில் சட்டென்று நிறுத்தினால், லைன் நீரின் மேல் சக்கரம் போல உருண்டு விரியும். புல்லில் அந்தப் பிடி கிடைக்காது என்பதால் இதை நீரில் மட்டுமே பழக முடியும். கட்டணக் குளத்தின் ஓரம் இதற்கு நல்ல இடம், பக்கத்தில் இருப்பவர்களின் கேலியைத் தாங்க முடிந்தால். 10 மீட்டர் போய்ச் சேர்ந்தால் போதும். செபாராவில் பெரும்பாலானவற்றை நான் அதற்குக் குறைந்த தூரத்தில்தான் பிடித்திருக்கிறேன்.

இனி நாளைத் தேர்ந்தெடுப்பது. கிழக்குக் கரை மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது பகாங்கின் தெம்பெலிங், தஹான் ஆறுகள் பக்கம் போக நினைக்காதீர்கள். சிலாங்கூர் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களை ஒட்டி மழை கூடும்; மற்ற மாதங்களிலும் பிற்பகல் இடிமழை எப்போது வேண்டுமானாலும் வரும். ஆகவே மாதத்தைப் பார்ப்பதைவிட முந்தைய இரண்டு நாள்களைப் பாருங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் இணையப் பக்கத்தில் ஆற்று நீர்மட்டமும் மழையளவும் நிலையம் வாரியாகத் தெரியும். மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் தூங்குங்கள். ஏறி முடிந்து இறங்கத் தொடங்கிய மறுநாள்தான் நல்ல நாள். மழை சிறு மீன்களையும் பூச்சிகளையும் அடித்துக்கொண்டு வந்திருக்கும், நீர் தெளியத் தெளிய செபாராவ் வேட்டைக்கு வெளியே வரும். நிறத்தைக் கண்ணால் அளக்க என்னிடம் ஓர் எளிய வழி உண்டு: முழங்கால் ஆழத்தில் நின்று கீழே பாருங்கள். நீர் தே தாரிக் நிறத்தில் இருந்து காலே தெரியவில்லை என்றால் வீடு திரும்பலாம். காலணியின் வடிவம் மங்கலாகத் தெரிந்தால் அதைவிடச் சிறந்த நீர் இல்லை. காலணியின் விளிம்பு வரை பளிச்சென்று தெரிந்தால் மீனுக்கும் நீங்கள் அப்படியே தெரிவீர்கள். அப்போது முழந்தாளிட்டு, தூரத்திலிருந்து வீச வேண்டும்.

காலணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த ஆற்று பூட்ஸ் தேவையில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனவர்கள் அணிந்த அதே ரப்பர் காலணி, கம்போங் அடிடாஸ் என்று எல்லோரும் அழைப்பது, அடிப்புறக் குமிழ்களோடு வழுக்குப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் நம் ஆறுகளில் உண்மையான ஆபத்து. ஆற்றுக்குப் போய்வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து விடியலுக்கு முன்பே புறப்பட்டால், ரவாங், பத்தாங் காலி வழியாகக் கோலா குபு பாரு பக்கத்து மேல் சிலாங்கூர் ஆற்றுக்கு வெளிச்சம் வரும்போது போய்ச் சேரலாம். ஆனால் அங்கிருந்து பிரேசர் மலைக்குப் போகும் சாலையில் உள்ள சுங்கை சிலிங் ஒரு மீன் சரணாலயம். அங்கே கெலா மீன்களைப் பார்க்கலாம், தூண்டில் போடக்கூடாது. உள்நாட்டு நீர்நிலை மீன்பிடிப்பு மாநில அதிகாரத்தின் கீழ் வருவதால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. தேசியப் பூங்காவுக்குள் என்றால் வனவிலங்குத் துறையின் அனுமதிச் சீட்டு கட்டாயம். ஒராங் அஸ்லி பழங்குடியினரின் கிராமத்தை ஒட்டிய ஆறாக இருந்தால், சட்டம் கேட்காவிட்டாலும் கிராமத்தாரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

ஆற்றங்கரைக்குப் போனதும் உடனே வீசாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். செபாராவ் வேகமான ஓட்டத்தின் நடுவில் நின்று சக்தியை வீணாக்காது. மெதுவான நீரில் நின்றுகொண்டு, வேகமான நீர் கொண்டுவரும் இரையைப் பாய்ந்து எடுக்கும். ஆகவே இரண்டும் உரசும் கோட்டைத் தேடுங்கள். நீர்ப்பரப்பில் நுரை ஒரு கயிறு போல நீண்டு போகும் இடம் அந்தக் கோடு. பாறைக்குப் பின்னால் மட்டுமல்ல, பாறைக்கு முன்னாலும் நீர் மோதித் திரும்பும் ஒரு சிறு மெத்தை உண்டு. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். சலசலப்பு முடிந்து மடு தொடங்கும் தலைப்பகுதி, ஓடை வந்து சேரும் வாய், சாய்ந்த மரத்தின் நிழல் ஆகியவை மற்ற இடங்கள். வெயில் ஏறுவதற்கு முன் மடுவின் ஆழம் குறைந்த கடைப்பகுதியில் வேட்டை நடக்கும். அங்கே முதலில் வீசிவிட்டுப் பிறகு நடுவுக்குப் போங்கள். நேராக நடுவுக்கு நடந்தால் இருந்த மீனையும் துரத்திவிடுவீர்கள்.

வீசும் முறையில் எனக்குப் பிடித்தது வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் குளிர்காலத்து ஸ்டீல்ஹெட் மீனுக்குச் செய்வதையொட்டியது. ஓட்டத்துக்குக் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசி, லைன் விழுந்ததும் அதன் வயிற்றை ராட்டால் தூக்கி ஓட்டம் வரும் பக்கம் புரட்டிப் போடுங்கள். அப்போது ஓட்டம் லைனை இழுத்து ஃப்ளையை ஓடவிடாமல், ஃப்ளை மெதுவாக மூழ்கி ஒரு வில்லைப் போல உங்கள் கரையை நோக்கி வரும். ஐந்தாறு பாகை குளிரில் ஸ்டீல்ஹெட் மந்தமாக இருக்கும் என்பதால் அங்கே ஃப்ளையை ஆழத்தில், மெதுவாகக் காட்டுவார்கள். நம் ஆற்று நீரோ இதமான சூடு. செபாராவ் தப்பி ஓடுவதைத்தான் துரத்தும். ஆகவே வரும் வழியிலேயே இடக்கையால் லைனை இரண்டு முறை சட்டென்று இழுத்து, ஒரு கணம் விடுங்கள். அடி பெரும்பாலும் அந்த விட்ட கணத்தில் விழும், அல்லது ஃப்ளை உங்களுக்கு நேர் கீழே வந்து ஓட்டம் வரும் திசை நோக்கித் திரும்பும்போது விழும். அதனால் வில் முடிந்ததும் அவசரமாக எடுக்காமல் மூன்று எண்ணுங்கள். பிறகு இரண்டடி கீழே நகர்ந்து மீண்டும் வீசுங்கள்.

கடித்தவுடன் ராட்டைத் தூக்குவது குளத்தில் வந்த பழக்கம். இங்கே அது ஃப்ளையை வாயிலிருந்து பிடுங்கிவிடும். ராட்டை நீரை நோக்கியே வைத்து, இடக்கையால் லைனை நீளமாக ஓர் இழு இழுங்கள். முள் பதிந்தது தெரிந்த பிறகு தூக்கலாம். முதல் ஓட்டம் முரட்டுத்தனமாக இருக்கும். அதைத் தாங்கிவிட்டால் மீன் விரைவில் சோர்ந்துவிடும். இழுபறியை நீட்ட வேண்டாம், சூடான நீரில் உயிர்வளி குறைவு. கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக உதறிப் போகும் வரை காத்திருங்கள். படம் எடுக்க வேண்டுமானால் உங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீனும் நீருக்குள் இருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கரையேறிவிடுங்கள், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே மலையில் பெய்த மழை ஆற்றில் சுவராக இறங்கி வருவதை மலாய்க்காரர்கள் கெபாலா ஆயர் என்பார்கள். ஒருமுறை இன்னும் ஒரே ஒரு மடு என்று நின்றுகொண்டிருந்தேன். முதலில் காய்ந்த இலைகள் மிதந்து வந்தன, பிறகு சுள்ளிகள், பிறகு நீரின் நிறம் ஓர் ஓரத்தில் மட்டும் மாறியது. நான் கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது நின்றிருந்த பாறை இல்லை. அதன் மேல் வைத்திருந்த ஃப்ளை பெட்டியும் இல்லை. இலை கூட்டமாக வரத் தொடங்கினாலோ, தொலைவில் இரைச்சல் கேட்டாலோ, லைனைச் சுற்றக்கூட நிற்காமல் உங்கள் பக்கத்துக் கரையில் உயரமான இடத்துக்கு ஏறுங்கள். அக்கரையில் பை இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் லைனைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவைத்துவிட்டுச் சுற்றுங்கள்; காரின் பின்பெட்டியில் ஒரு வாரம் கிடந்தால் வெப்பநாட்டு லைனும் வெந்த சேமியாவாகிவிடும்.