லேமினேட் மரத்தளம் நாமே போடலாம் (நான் கோட்டைவிட்ட இடம் உட்பட)

மழைக்காலம் தொடங்கி மூன்றாவது வாரம், நான் ஆசையாகப் போட்ட தளம் அறை நடுவில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டது. காலை வைத்தால் ‘தொம்’ என்று அமுங்கும், எடுத்தால் எழும்பும். காரணம், கதவு நிலைக்கு அடியில் நான் விட மறந்த ஒரு விரல்கடை இடைவெளி. பிரித்து மறுபடி போட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் எதை வாங்குவது? முழு மரப்பலகை அழகுதான், ஆனால் அது கைதேர்ந்த தச்சர் வேலை. எஞ்சினியர்டு வுட் என்றால் ஒட்டுப்பலகைமேல் அசல் மரம் ஏடாக ஒட்டியிருக்கும். அந்த ஏடு 3 மி.மீ. ஆவது இருந்தால்தான் பின்னாளில் இழைத்துப் புதுப்பிக்க முடியும். முதல்முறை செய்பவர்களுக்கு லேமினேட்தான் (அழுத்திய மரநார்ப் பலகைமேல் மரம் மாதிரி அச்சிட்ட தாள் ஒட்டியது) என் ஓட்டு. பெட்டியில் ஏசி3 அல்லது ஏசி4 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தேய்மானத்தைத் தாங்கும் தரக்குறி அது. அறையின் பரப்பைவிட 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். குளியலறைப் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பெட்டிகளைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே 48 மணி நேரம் படுக்கவையுங்கள். பலகை அந்த அறையின் ஈரப்பதத்துக்குப் பழக வேண்டும். அதற்குள் தரையைப் பாருங்கள். 2 மீட்டர் நீள மட்டப்பலகையை வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் தெரியக்கூடாது. சிமெண்டுத் தரை என்றால் பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம். மெத்தென்று இருக்கட்டுமே என்று இரண்டு அடுக்கு ஃபோம் போட்டால் பலகைகளின் பூட்டு உடைந்துவிடும்.

அடுத்தது ஒரு கணக்கு. அறை அகலம் 310 செ.மீ., பலகை 19 செ.மீ. என்று வையுங்கள். இரு பக்கமும் ஒரு செ.மீ. வீதம் இடைவெளி போனால் 308. பதினாறு முழுப் பலகை போக மிச்சம் 4 செ.மீ. அவ்வளவு ஒல்லியான துண்டு நிற்காது. அதனால் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் பதினொன்றரை செ.மீ.க்கு அறுத்துவிட்டு, நடுவில் 15 முழுப் பலகை. கணக்கு நேராகிவிடும்.

இனி ஆப்பு வைப்பது. சிரிக்காதீர்கள், சுவருக்கும் பலகைக்கும் நடுவே செருகும் சின்ன ஆப்பைத்தான் சொல்கிறேன். சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம். ஈரம் ஏறினால் தளம் முழுக்க ஒரே பாயாக விரியும். எங்காவது ஒரு முனை முட்டினால் போதும், வேறு வழியில்லாமல் மேலே எழும்பும். சுவரோரம் எல்லோரும் ஒழுங்காக விடுவார்கள். மாட்டிக்கொள்வது கதவு நிலையில். நான் நிலைக்காலின் வடிவத்துக்குப் பலகையை வளைத்து வெட்டி, இடுக்கே தெரியாமல் பொருத்திப் பெருமைப்பட்டேன். செய்ய வேண்டியது நேர்மாறு: ஒரு துண்டுப் பலகையை ஃபோமோடு நிலைக்காலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, அதன்மேல் கைரம்பத்தைத் தட்டையாகப் படுக்கவைத்து நிலைக்காலின் அடியை அறுங்கள். பலகை உள்ளே நுழையும், ஆனால் உள்ளேயும் முட்டாது. வெளியே இடைவெளியும் தெரியாது.

மற்றதெல்லாம் சுலபம். பலகையைச் சாய்த்து, அதன் ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்கை அடுத்த பலகையின் பள்ளத்தில் கொடுத்து அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டும். அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு மூட்டுகள் 30 செ.மீ. ஆவது தள்ளி இருக்கட்டும். சுத்தியலால் நேராகத் தட்டாதீர்கள், மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். கடைசி வரிசையை இழுக்கும் வளைந்த இரும்புப் பட்டையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மலிவானது இரண்டாம் அடியிலேயே நிமிர்ந்துவிடும். ஜிக்சாவில் (கையடக்க மின்ரம்பம்) அறுத்தால் பலகையின் மர அச்சுப் பக்கம் கீழ்நோக்கி, கைரம்பம் என்றால் மேல்நோக்கி. மாற்றினால் ஓரம் சில்லுசில்லாகப் பெயரும். ஸ்கர்டிங்கை (சுவரடியில் இடைவெளியை மறைக்கும் பட்டை) சுவரில் அடியுங்கள், தளத்தில் அல்ல.

பின்சேர்க்கை: டைல்ஸ் மேலேயே போடலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். போடலாம். டைல்ஸ் ஆடாமல், மட்டமாக இருந்தால் சரி. ஆனால் முதலில் கதவைத் திறந்து பாருங்கள். தளம் உயர்ந்த பிறகு கதவு உரசும். நான் கதவைக் கழற்றி அடியை இழைத்தது ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு.