மதுரை விமான நிலையத்தில் இறங்கிக் குன்றேறிவிட்டு வருவது எப்படி?

மதுரையில் விமானம் இறங்கியதுமே பலர் கொடைக்கானலுக்கு டாக்சி தேடுகிறார்கள். 120 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி, தலைசுற்றலோடு போய்ச் சேர்ந்து, மறுநாள் அதே வழியாகத் திரும்புகிறார்கள். ஓடுதளத்திலிருந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய குன்றுகள் இருக்கின்றன என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் முதன்முறையாக விமானத்தில் வந்தபோது, "மாமா, ஒரே நாள்தான் இருக்கிறது, எங்கே போவது?" என்று கேட்டான். அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. முதலில் ஜன்னலைப் பிடியுங்கள்

சென்னையிலிருந்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் வகையையும் பாருங்கள். ஏடிஆர் என்று போட்டிருந்தால் தயங்காமல் எடுங்கள். விசிறி வைத்த சின்ன விமானம் என்று முகம் சுளிக்க வேண்டாம். அதன் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால், கீழே உள்ள கண்மாய்களும் கரடுகளும் நன்றாகத் தெரியும். பின்பாதி வரிசைகளில் உட்காருங்கள். முன்பக்கம் விசிறி மறைக்கும். ஏர்பஸ்ஸில் இறக்கை ஜன்னலுக்குக் கீழே வரும். நடு வரிசையில் ஜன்னல் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டி, சென்னை முதல் மதுரை வரை தகரத்தையே பார்த்துக்கொண்டு வந்தவன் நான்.

ஏ, எஃப் இரண்டும் ஜன்னல் இருக்கைகள். வரும் வழியில் எஃப் நல்லது. விமானம் தென்மேற்காக வரும்போது அழகர் மலையும் அதற்கு அப்பால் சிறுமலையும் வலப்பக்கம்தான் இருக்கும். இறங்கும் நேரத்தில் மட்டும் கணக்கு மாறும். மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் பெரிதாக எழுதியிருக்கும். 09 என்றால் 90 பாகை, அதாவது கிழக்கு நோக்கி இறங்குவது. 27 என்றால் 270 பாகை, மேற்கு நோக்கி. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆடியில் மேல்காற்று வீசும்போது கிழக்கேயிருந்து வந்து இறங்குவார்கள். அப்போது எஃப் பக்கம் வடக்கு, அதாவது நகரமும் தொலைவில் யானைமலையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று அடித்தால் மேற்கேயிருந்து வருவார்கள். அப்போது வடக்கு ஏ பக்கம் வந்துவிடும், திருப்பரங்குன்றம் கிட்டத்தில் கடந்து போகும். காற்றே இல்லாத காலை வேளையில் எப்படியும் இறங்கலாம், அது உங்கள் அதிர்ஷ்டம்.

2. பெட்டி

இதில் சொல்ல அதிகமில்லை. டிக்கெட்டும் புகைப்பட அடையாள அட்டையும் இல்லாமல் வாசலிலேயே விட மாட்டார்கள். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் செக்-இன் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பழம் நறுக்க வைத்திருக்கும் கத்தி பெட்டிக்குள் போக வேண்டும், கைப்பையில் கூடாது. இந்த இரண்டையும் மாற்றி வைத்தவர்களைத்தான் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

3. வெளியே வந்ததும்

இப்போதுள்ள முனையம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. பெரிய ஊர் விமான நிலையங்களைப் போல இங்கே அரை மைல் நடக்க வேண்டியதில்லை. ஏடிஆரில் வந்திருந்தால் பின்கதவுப் படியில் இறங்கி நேராகத் தரையில் கால் வைப்பீர்கள். அந்த இடத்தில் ஒரு நொடி நின்று வடமேற்கே பாருங்கள். தனியாக எழுந்து நிற்கும் பாறைதான் பரங்குன்றம். முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

டாக்சியை அரைநாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு குன்றேற முடியாது. நகரத்தில் அறை எடுத்து வைத்துவிட்டு வந்தாலும் சரி. காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அருப்புக்கோட்டை சாலையில் உள்ள பெருங்குடி வரை ஆட்டோவில் போய், அங்கிருந்து பஸ் ஏறலாம். ஆனால் பரங்குன்றம், சமணர் மலை இரண்டையும் ஒரே நாளில் பார்க்க பஸ் ஒத்துவராது. போகுமிடங்களை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். "சமணர் மலை" என்றால் சில ஓட்டுநர்கள் விழிப்பார்கள். "கீழக்குயில்குடி, தாமரைக்குளம், ஐயனார் கோயில்" என்றால் நேராகக் கொண்டுபோய் விடுவார்கள்.

4. பரங்குன்றத்தின் இரண்டு பக்கங்கள்

வடக்கு முகத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த முருகன் கோயில், அறுபடை வீடுகளில் முதலாவது. கருவறை குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்தது என்பதை முதல்முறை போகிறவர்கள் கவனிப்பதில்லை. மண்டபங்களையெல்லாம் தாண்டி உள்ளே போனால், சுவர் என்று நினைத்தது மலையாகவே இருக்கும். முருகன், துர்க்கை, விநாயகர், சிவன், பெருமாள் என ஐவரும் ஒரே பாறையில் இருக்கிறார்கள். பாறையிலேயே செதுக்கிய உருவம் என்பதால் மூலவர் முருகனுக்கு அபிஷேகம் கிடையாது. அவர் கை வேலுக்குத்தான். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

தெற்குப் பக்கம், அதாவது விமான நிலையத்தைப் பார்த்த பக்கம், தென்பரங்குன்றத்தில் உமையாண்டார் கோயில் என்று ஒரு சிறிய குடைவரை இருக்கிறது. சமணர்களுடையதாக இருந்து 13ஆம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாறியது. உள்ளே அர்த்தநாரீசுவரர். கூட்டமே இருக்காது. எனக்கு வடக்குப் பக்கத்தைவிட இதுதான் பிடிக்கும். உச்சிக்கு ஏற நினைப்பவர்கள் அன்றைய அனுமதி நிலவரத்தை விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை.

5. சமணர் மலை: ஏற வேண்டியது இங்கேதான்

தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டிப் பிரிந்தால் கீழக்குயில்குடி. ஆலமரம், ஐயனார் கோயில், தாமரைக்குளம், அதற்குப் பின்னால் மொட்டைப் பாறை. மாலை நாலு மணிக்கு வாருங்கள், அல்லது விடிந்ததும் வாருங்கள். இடைப்பட்ட நேரத்தில் பாறை தோசைக்கல்லாகக் கொதிக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். மேலே கடை கிடையாது. வழுக்காத அடியுள்ள செருப்போ ஷூவோ போதும். மலையேற்றக் கம்பு, கயிறு எதுவும் வேண்டாம்.

முதலில் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. மலையின் தென்மேற்குப் பக்கம், தனிப் படிகளில் சிறிது தூரம் ஏறினால் போதும். வெளிப்பாறையில் ஆளைவிடப் பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் ஞானி, அமர்ந்திருக்கிறார். குனிந்து குகைக்குள் பார்த்தால், கூரையோரம் வரிசையாகச் சிற்பங்கள். அவற்றில் ஒன்றில், சிங்கத்தின் மேல் அமர்ந்த இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம் யானைமேல் வரும் வீரனோடு போர் புரிகிறாள். அமைதியே உருவான சமணர்களின் குகையில் இப்படி ஒரு சண்டை! செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

பிறகு ஐயனார் கோயில் பக்கம் திரும்பி வந்து, பாறையில் வெட்டிய படிகளில் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறுங்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்கள். முதன்முறை ஏறுபவர்கள் பத்துப் படிக்கு ஒருமுறை நின்றாலும் வெட்கமில்லை. மேலே ஒரு சுனையும், அதையொட்டிய பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்களும் இருக்கின்றன. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். காலில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி என்ற சமணத் துறவி. இந்த இரண்டு அடையாளங்களைத் தெரிந்து வைத்திருந்தால் உடன் வருபவர்களிடம் பண்டிதராகிவிடலாம்.

சிற்பங்களுக்குக் கீழே கோணல் கோணலாகக் கீறியிருப்பதைக் கிறுக்கல் என்று நினைக்காதீர்கள். அது வட்டெழுத்து, 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டில் தமிழ் எழுதிய எழுத்து. இந்தச் சிலையை யார் செய்வித்தார் என்று ஒவ்வொன்றும் சொல்கிறது. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்கிறது ஒன்று. மகன் வீட்டைத் துறந்து போய்விட்டான்; அம்மா அவன் சமயத்துக்காகப் பாறையில் சிலை வைத்துத் தன் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறாள். அந்த வரிக்கு முன்னால் நான் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் உட்காருவேன். விரலால் எழுத்தைத் தடவிப் பார்க்காதீர்கள். கை எண்ணெய் பட்டுப்பட்டே தேய்ந்த கல்வெட்டுகள் நிறைய உண்டு.

மூச்சு மிச்சமிருந்தால் இன்னும் மேலே போகலாம். பழைய சமணப் பள்ளியின் (சமணர்களின் வழிபாட்டிடம்) அடித்தளமும், உச்சியருகே தீபத்தூணும், அங்கே பாறையில் கன்னட எழுத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. அங்கிருந்து தென்கிழக்கே பாருங்கள். காலையில் பார்த்த பரங்குன்றம் தெரியும். விமான நிலையம் சரியாக அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இறங்கும் விமானம் தாழ்ந்து தாழ்ந்து வந்து பாறைக்குப் பின்னால் மறைந்துவிடும். இருட்டும்வரை உட்கார வேண்டாம். ஏறியதைவிட இறங்குவதில்தான் கால் இடறும்.

6. இன்னொரு நாள் இருந்தால்

நகரத்துக்கு வடகிழக்கே ஒத்தக்கடையில் யானைமலை. படுத்திருக்கும் யானையேதான், விளக்கம் தேவையில்லை. அடிவாரத்தில் நரசிங்கம் குடைவரை. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி தொடங்க, கி.பி. 770இல் அவர் தம்பி மாறன் எயினன் முடித்தது. 2010இல் இந்த மலையைச் சிற்ப நகரமாக்கத் திட்டம் வந்தபோது ஊர் மக்கள் எதிர்த்து நின்றதால்தான் யானை இன்னும் யானையாகவே படுத்திருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் அரிட்டாபட்டிக்குப் போங்கள். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர் அது. பாறை இடுக்குகளில் வல்லூறு வகைகள் இருக்கின்றன. குளிர்ச்சி வேண்டுமென்றால் அழகர் மலை. ஆனால் பிளாஸ்டிக் பை எதையும் கையில் தொங்கவிடாதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்குப் பை என்றாலே பழம் என்றுதான் பொருள்.

7. திரும்பும்போது

பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன்னை மூடிவிடும். இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். அதைவிட முக்கியம், நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்று பார்ப்பது. முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் முகூர்த்தத்தன்று திருப்பரங்குன்றத் தெருக்களில் கல்யாண வேன்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை நாலு மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவே மாட்டிக்கொண்டு, செக்-இன் மூட ஆறு நிமிடம் இருக்கும்போது போய் நின்றேன்.

போகும்போதும் எஃப் நல்லது. மேற்கு நோக்கி ஏறினால் குன்றுகள் அந்தப் பக்கம்தான். அக்கா மகனுக்கு எஃப் கிடைத்தது. ஆனால் பின்பாதியில் உட்காரச் சொன்னதை மறந்துவிட்டான். சென்னையில் இறங்கியதும் ஒரு படம் அனுப்பினான். முக்கால்வாசிப் படத்தில் விசிறி. ஓரத்தில், நகத்தளவு, தாமரைக்குளம்.